சென்னாக்கூனி டப்பா

"நீதான்டா கலந்தே. நீதான்…"

"எதக் கலந்தேன்? இன்னாத்தக் கலந்தேன்? மொதல்ல கைய எடு…"

"ரெண்டு கிலோ டீ இலைடா. கோத்தகிரிலேர்ந்து பஸ்ஸுல வந்தது. அதுல கூனியக் கலந்து நாறடிச்சுட்டு…"

"அண்ணனாச்சேன்னு பாக்கறேன். கைய எடுன்னேன்."

"இந்த இலை கடையில இருந்தா சாக்கடையில கொட்டுவேன்னு போன வாரம் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். சொன்னவன் எல்லாம் செஞ்சுடுவானா?"

தேசப்பன் கையை எடுக்கவில்லை. தம்பியின் காலரைப் பிடித்திருந்த கை கழுத்துக்கு ஏறியது. காலை ஏழரை மணி. சிப்காட் கேட்டுக்கு எதிரே இருக்கும் அந்த டீக்கடையில் வேலை முடிந்து வந்தவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் கண்ணாடித் தம்ளரும் கையுமாக நெருக்கியடித்து நிற்கிற நேரம்.

"யப்பா, நாங்க டீ குடிக்க வந்தோம். ரத்தம் குடிக்க வரல" என்றார் தலையில் மஞ்சள் ஹெல்மெட் வைத்திருந்த ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தம்பி ஜெகனின் நெற்றி ஷட்டரின் இரும்பு ஓரத்தில் போய் மோதியது.

அவர்களைப் பெற்ற குணசுந்தரி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் ஒரு வெள்ளைக் கிண்ணம். அதில் மருமகள் கல்பனா சற்று முன் வடித்துக் கொடுத்த டீ. பாலில்லை, சர்க்கரையில்லை. எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. பார்க்க அத்தனை லட்சணம். மூக்கருகே கொண்டுபோனால் பழவேற்காட்டு மீன் சந்தை.

அவள் புருஷன் தணிகாசலம் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போன டீக்கடையை, பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு இளையவன் ஜெகன்தான் நடத்துகிறான். மூத்தவன் தேசப்பனுக்கு இரும்பு உருக்குகிற ஆலையில் வேலை. அவன் பெண்டாட்டி கல்பனா ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் அறை துடைக்கப் போனாள். வந்துபோன வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கால் டப்பா தேயிலையை மறந்துவிட்டுப் போனதில் ஆரம்பித்தது இத்தனையும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் நாள் அதைப் பாலில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். எல்லோரும் துப்பினார்கள். மறுநாள் வெறும் வெந்நீரில் போட்டு மூடி வைத்து, ஒரு வாய் குடித்தவள், அடுப்படியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னா அத்தே இது, பூ மாதிரி இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. மலையில் கொஞ்சம் நிலம் வைத்துத் தேயிலை போடுகிறவர்களைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினாள். பனிக்காலத்தில் கிள்ளிய கொழுந்து ஒன்று, கையால் உருட்டியது ஒன்று என்று பொட்டலம் பொட்டலமாக வரவழைத்தாள். கடையின் ஓரத்தில் மூன்று தட்டு அலமாரி போட்டாள். அந்த அலமாரி ஜெகனுக்குக் கண்ணில் விழுந்த தூசி. இன்றைக்கு அலமாரி, நாளைக்குக் கடை என்று அவனுக்குப் பயம்.

இன்றைக்கு மூன்று மணிக்கு அந்த கெஸ்ட் ஹவுஸின் மேனேஜர் ஹெலன் மேடம் கல்பனாவின் டீயைக் குடித்துப் பார்க்கிறார். பிடித்திருந்தால், அங்கே வந்து தங்குகிறவர்களுக்கு டீ போடுகிற தனி அறை கல்பனாவுக்கு. துடைப்பத்தைக் கீழே போட்டுவிடலாம். ஒன்றரை மாதமாக அவள் காத்திருந்த நாள் இது.

ஆனால் கையிலிருந்த நல்ல இலை முழுக்க இறால் நாற்றம். கலந்தது யார் என்றுதான் சண்டை.

குணசுந்தரிக்கு அது யாரென்று தெரியும்.

முந்தாநாள் மத்தியானம் பார்சல் வந்தபோது கல்பனா வேலைக்குப் போயிருந்தாள். பை ஓரத்தில் கிழிந்திருந்தது. வெளியே தூறல். கல்பனா கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டப்பாவோ காயவில்லை. இலை நமுத்துப் போகுமே என்று மனசு கேட்காமல், வீட்டிலேயே காற்றுப் புகாத மூடி கொண்ட ஒரே டப்பாவில் குணசுந்தரி அதைக் கொட்டி வைத்தாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த டப்பா. வருஷக்கணக்காக அதில் இருந்தது சென்னாக்கூனி. விரல் நகமளவுகூட இல்லாத காய்ந்த இறால். ஒரு பிடி போட்டால் கத்திரிக்காய்க் குழம்பே வேறாகிவிடும். அந்த மாசம் கூனி தீர்ந்து டப்பா காலி. சீயக்காய் போட்டு மூன்று தரம் கழுவி வெயிலில் வைத்து எடுத்ததுதான். முகர்ந்துகூடப் பார்த்தாள். கருவாட்டுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் இலையை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, புதுசாக வாங்கிய கூனியைத் தன் டப்பாவில் போட்டு மூடினாள். இதையெல்லாம் ஒருத்தரிடம் சொல்ல வேண்டுமென்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"இலை பக்கத்துல இருக்கற வாசனையெல்லாம் குடிச்சுடும் அத்தே" என்று கல்பனா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். இவள் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள்.

"தேசு, வுடுடா அவன" என்று கத்தினாள் குணசுந்தரி. அடுத்த வார்த்தைதான் முக்கியம். அது தொண்டைக்கு வந்தபோது ஜெகன் பால் மொள்ளும் நீளக் கரண்டியை உருவிவிட்டான்.

கரண்டி தேசப்பனின் காதில் பட்டது. கொதிக்கிற பாலும் சேர்ந்து கன்னத்தில் தெறித்தது. தேசப்பன் வலியில் குனிந்தான். குனிந்த வேகத்தில் தம்பியின் வயிற்றில் தலையால் முட்டி, அவனை பெஞ்சோடு சேர்த்துத் தள்ளினான். தம்ளர் ஸ்டாண்டு சரிந்தது. கண்ணாடிச் சில்லின் மேல் ஜெகனைப் போட்டு, மார்பில் முழங்காலை வைத்து, வாயிலேயே குத்தினான். ஒரு குத்து. இரண்டு. மூன்றாவது குத்தில் பல் ஒன்று தெறித்து பன் ரொட்டித் தட்டில் விழுந்தது.

"செத்துடுவான்யா, புடிங்கய்யா" என்று ஹெல்மெட்காரர் பாய்ந்தார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் தேசப்பனின் கை அசைந்துகொண்டே இருந்தது.

கல்பனா அலமாரிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். "கூனி நாத்தம் அடிக்குது" என்று காலையில் சொன்னதோடு சரி. "எவன் கலந்தான்?" என்று புருஷன் கேட்டதற்கு அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. அவன் தானாகத் தம்பியிடம் போனான்.

முதல் அடி விழுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும் என்று குணசுந்தரி நினைத்தாள். பல் விழுந்த பிறகு எப்படிச் சொல்வது? பெரியவன் செய்தது அநியாயம் என்று இத்தனை பேர் நடுவில் ஆகிவிடும். சின்னவன் வாயிலிருந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பானே, அத்தனை நேரம் வேடிக்கையா பாத்தே என்று. அவள் கிண்ணத்திலிருந்ததைக் கீழே கொட்டினாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஜெகன் எழுந்து நின்றான். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது.

"எம்மா, நான் கலக்கல" என்றான். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போடா" என்றாள் அவள்.

நெற்றியில் ஆறு தையல். தேசப்பன் காதில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். பத்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. குணசுந்தரி தரையைக் கழுவினாள். கல்பனா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். மாதிரிக்கென்று முதலில் வந்த நூறு கிராம். பையிலேயே கிடந்ததால் தப்பித்தது.

"இது போதும் அத்தே. மூணு கப்புக்கு எவ்ளோ வேணும்? மூணு ஸ்பூன். இது போதும்" என்றாள்.

பன்னிரண்டரை மணிக்கு ஜெகன் திரும்பி வந்தான்.

தலையில் கட்டு. வாய் வீங்கி ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூலையில் கிடந்த, ஷட்டர் இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்தான்.

"ஜெகனு, இன்னாடா பண்ணப் போற?" என்றாள் குணசுந்தரி.

"செய்யாததுக்கு அடி வாங்கிட்டேன்ல. இப்ப செஞ்சிடறேன். கணக்கு நேராவட்டும்."

கொக்கி முதல் தட்டில் விழுந்தது. கண்ணாடிக் கூஜாக்கள் உடைந்து சிதறின. இரண்டாவது வீச்சில் வெள்ளைக் கிண்ணங்கள். கல்பனா ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. மூன்றாவது வீச்சில் அலமாரியே சுவரை விட்டுப் பெயர்ந்தது. டப்பாக்கள் உருண்டன. அவன் ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து பாய்லருக்குள் கவிழ்த்தான். பச்சை இலை, கறுப்பு இலை, பூப்போட்ட இலை, எல்லாம் கொதிநீரில் சுழன்றன.

"இந்தா அண்ணி, குடி. ஒரு அண்டா போட்டுக் குட்த்துட்டேன். வெளிநாட்டுக்காரனுங்கள வரச்சொல்லு, வரிசையில நின்னு குடிக்கட்டும்."

"ஜெகனு, வேணாம். அது ஒண்ணு மட்டும் வேணாம்" என்று கல்பனா ஓடினாள். அவன் கையில் அகப்பட்டது, பொட்டலத்தை அவள் திரும்ப வைத்திருந்த கைப்பை. அவள் பையின் வாரைப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை. அவன் பாய்லர் மேடையில் காலை உதைத்து முழு பலத்தோடு இழுத்தான்.

பாய்லர் சாய்ந்தது.

அந்தச் சத்தத்தைக் குணசுந்தரி இதற்கு முன் கேட்டதில்லை. தண்ணீர் விழுகிற சத்தமும் மருமகளின் அலறலும் ஒன்றாகவே இருந்தன. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வலது கை. இலைகள் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை எடுக்கப் போன குணசுந்தரியின் விரலோடு தோலும் வந்தது.

ஜெகன் கொக்கியைக் கீழே போட்டான். "நான் வேணும்னு… அண்ணி, நான் வேணும்னு பண்ணல" என்றான். பிறகு ஓடினான்.

"மாவு எடுத்தாறேன். தோசை மாவு போட்டா குளிர்ச்சியா…"

"ஒண்ணும் போடாதீங்க அத்தே. கொழாயத் தொறங்க. தண்ணி மட்டும்" என்றாள் கல்பனா பல்லைக் கடித்துக்கொண்டு. இருபது நிமிஷம் குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை மட்டும் பையை விடவில்லை.

எதிர்ச்சாரி கிளினிக்கில் கட்டுப் போட்ட நர்ஸ் ஷைனி, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடுங்கக்கா, இன்னிக்கே" என்றாள்.

"போறேன். நாலு மணிக்கு."

"நாலு மணிக்கா? இன்னாக்கா, கல்யாணமா வெச்சிருக்கீங்க?"

"அதுக்கு மேல."

ஷேர் ஆட்டோவில் ஏறும்போதுதான் குணசுந்தரி கேட்டாள், "வலது கை கட்டுப் போட்டிருக்கே. எப்டிம்மா போடுவ?"

"நீங்க போடுவீங்க. நான் சொல்றேன்."

கெஸ்ட் ஹவுஸ் சமையல் அறை ஆஸ்பத்திரியை விடச் சுத்தமாக இருந்தது. ஹெலன் மேடம் அவள் கைக்கட்டைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இன்னொரு நாள் வெச்சுக்கலாம் கல்பனா."

"இன்னிக்கே பாத்துடுங்க மேடம்."

கெட்டில் கொதித்தது. குணசுந்தரி வழக்கம்போல உடனே கவிழ்க்கப் போனாள்.

"இருங்க. கொதி அடங்கட்டும். பெரிய குமிழி நிக்கணும். மொதல்ல கொஞ்சம் தண்ணிய வெறும் கூஜாவுல ஊத்திச் சுத்திக் கொட்டுங்க. பாத்திரம் சூடாவட்டும். ஆங். இப்ப இலை. அழுத்தாதீங்க, கையால உதிர்த்துப் போடுங்க. இப்ப தண்ணி. மூடுங்க. மூணு நிமிஷம்."

"கலக்க வேணாமா?"

"தொடக்கூடாது."

முப்பத்தைந்து வருஷமாகப் பையில் தூளைப் போட்டு அடித்து இறக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. மூன்று நிமிஷம் இவ்வளவு நீளமா? கண்ணாடிக்குள் சுருண்டு கிடந்த ஒவ்வொரு இலையும் மெதுவாகப் பிரிந்து, முழு இலையாகி, காம்போடு நின்றது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் குணசுந்தரிக்குக் கண் கலங்கியது. பால் பிடித்த நெற்கதிரை நகத்தால் கீறினால் வருமே, அதோடு எங்கோ ஒரு பூ. இதையா அந்தக் கூனி டப்பாவில் கொண்டுபோய்க் கொட்டினோம்?

"கடைசிச் சொட்டு வரைக்கும் வடிங்க" என்றாள் கல்பனா.

ஹெலன் மேடம் ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "இதே இலையில இன்னொரு தரம் போட முடியுமா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தண்ணி இன்னும் நல்லா இருக்கும் மேடம்."

இரண்டாவதையும் குடித்தார். "கை ஆறினதும் வந்துடு. அந்த ரூம் சாவிய இனிமே வேற யாருக்கும் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கல்பனாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

கல்பனா சிரிக்கவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த இரண்டு வாய் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணசுந்தரியால் அதற்கு மேல் முடியவில்லை. "கல்பனா, ஜெகன் கலக்கலம்மா. பார்சல் வந்த அன்னிக்கு ஒன் டப்பா காயல. நான்தான் ஒரு ராத்திரிக்கு…"

"தெரியும் அத்தே."

"இன்னா தெரியும்?"

"நேத்து கொழம்புக்குக் கூனி எடுக்கத் தொறந்தேன். மூடி விளிம்புல நாலு இலை ஒட்டிக்கினு இருந்துச்சி. அப்ப ஒண்ணும் தோணல. காலையில மொதல் வாய் குடிச்சதுமே தெரிஞ்சிட்ச்சி."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"நீங்க தொறப்பீங்கன்னு பாத்தேன். நீங்களும் தொறக்கல." கல்பனா கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்தாள். "ரெண்டு வருஷமா அவன் என்னப் பேசற பேச்சுக்கு ஒரு நாளாச்சும் ஒரு அடி விழட்டும்னு நெனச்சேன். ஒரே ஒரு அடி. அதுக்கு மேல போவும்னு நெனைக்கல."

கல்பனாவின் போன் அடித்தது. தேசப்பன். ஒற்றைக் கையால் பைக்குள்ளிருந்து அவளால் எடுக்க முடியவில்லை. குணசுந்தரி எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"கல்பனா, புட்ச்சிட்டேன். கவரப்பேட்ட லாரி ஷெட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தான். கிளினிக்ல எல்லாம் சொன்னாங்க. ஒன் கைய என்ன பண்ணானோ அதே கைய எடுத்துர்றேன். ஜாக்கி ராடு இருக்குது என்னாண்ட."

பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறுகிற சத்தம். "கலக்கலண்ணா… தண்ணி தானா கவுந்துச்சிண்ணா…" வீங்கிய வாயில் வார்த்தை குழறியது.

"தேசு, அம்மா பேசறேன். ராடக் கீழ போடு. இலை நாறனது என்னாலடா. நான்தான் கூனி டப்பாவுல கொட்டி வெச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ காலையில அநியாயமா அட்ச்ச. அதுலதான் அவன் வெறி புட்ச்சிப் போய்…"

"நிறுத்தும்மா. அவன் என் சைக்கிள ஏரியில வுட்டப்பவும் நான் வுட்டதா நைனாவாண்ட சொன்ன. நைனா பெல்ட்டால அட்ச்சது யார? என்னத்தான். எப்பவும் அவனுக்காவ ஒரு பொய் வெச்சிருப்ப நீ."

"இது பொய் இல்லடா. பெரியபாளையத்து ஆத்தா மேல சத்தியம்."

"சத்தியமும் வாணாம், ஒண்ணும் வாணாம்." இரும்பு தரையில் இழுபடுகிற சத்தம். ஜெகன் ஒரு தரம் கத்தினான். "கல்பனா பக்கத்துல இருக்கறாளா? அவ சொல்லட்டும். அவன் கலக்கலன்னா மொதல் அடி என் தப்பு. வுட்டுட்டு வந்துர்றேன். அவ சொன்னா நம்பறேன். நீ சொன்னா நம்ப மாட்டேன்."

குணசுந்தரி போனை மருமகளின் வாயருகே கொண்டுபோனாள். கல்பனாவின் கைக்கட்டுத் துணியில் புதுசாக ஈரம் ஊறியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கல்பனா, அம்மா சொல்றது நெஜமா?"